டிரை: காய்ந்ததா, வறண்டதா, உலர்ந்ததா?

கேள்வி, பெப்ரவரி 9
(கிளிநொச்சியில் படிக்கும் மாணவி)

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன். புவியியல் புத்தகத்தில் எங்கள் பகுதியை உலர் வலயம் என்று போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அது டிரை சோன். டிரை சீசன் என்றால் வறட்சிக் காலம். டிரை கொஃப் என்றால் வறட்டு இருமல். டிரை ஃபிஷ் என்றால் கருவாடு. எங்கள் ரியூசன் சேர், "டிரை எண்டால் காய்ந்த, அவ்வளவுதான், மண்டையைப் போட்டு உடைக்காதையுங்கோ" என்கிறார். அப்படியானால் காய்ந்த வலயம் என்று எழுதினால் புள்ளி தருவார்களா?

பெப்ரவரி 9, இரவு

தர மாட்டார்கள். உலர் வலயம் என்றே எழுதுங்கள், தங்கச்சி. பரீட்சைக்கு அது போதும்.

கொடியில் கிடக்கிற சட்டைக்கு சேர் சொன்னது சரி. சட்டையைத் தாண்டினால் சிக்கல்.

இன்னொரு சங்கடம். தமிழில் எழுதும்போது டிரையும் ட்ரையும் அநேகமாக ஒன்றுதான். இங்கே நான் டிரை என்றால் ஈரம் சம்பந்தப்பட்டது, ட்ரை என்றால் முயற்சி. வவுனியாவில் ஒரு சலவைக் கடையில் "ட்ரை கிளீனிங்" என்று பலகை தொங்கியது. "கழுவ முயற்சி செய்வினமாம், உறுதி தரமாட்டினமாம்" என்று வாசித்துவிட்டு அப்பா உடுப்பை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்.

பெப்ரவரி 10

படுத்த பிறகு யோசித்தது. தமிழில் டிரைக்கு நேர்ச்சொல் கிடைக்காததற்குக் காரணம் சொல் பஞ்சம் இல்லை. நாங்கள் ஒரு பொருளைக் காய்ந்தது என்று சொல்லும்போதே அது முதலில் ஈரமாக இருந்தது, பிறகு காய்ந்தது என்ற கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். காய்ந்த, வறண்ட, வற்றிய, உலர்ந்த எல்லாமே நடந்து முடிந்த சங்கதிகள். ஆங்கில டிரைக்கு முன்கதை வேண்டாம். கடையிலிருந்து புதிதாக வாங்கி வந்த, ஒருநாளும் நனையாத துவாயும் டிரைதான். அதைக் காய்ந்த துவாய் என்று நான் சொன்னால், "ஏன், ஆர் நனைச்சது?" என்று அம்மா கேட்பா.

பிறகு எது காயவைத்தது என்றும் நாங்கள் பார்க்கிறோம். துணி காயும். கிணறு காயாது, வற்றும். நிலம் வறளும். தலையைக் காயவைப்பதில்லை, துவட்டுகிறோம். கண்ணீரைத் துடைக்கிறோம். இந்த ஐந்து வேலைக்கும் ஆங்கிலத்தில் அதே டிரை வினையாக வந்து நிற்கும்.

தமிழில் பெயரடை என்ற சாதியே கிடையாது, எல்லாம் வினையிலிருந்து வருகிறது. அதுதான் காரணம்.

பெப்ரவரி 10, பின்னேரம்

மேலே கடைசி வரியை வெட்டிவிடுங்கள். புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அண்ணை எழுதியிருக்கிறார்: "நல்ல, பெரிய, சின்ன, புதிய, இதெல்லாம் என்ன?" சரி. அவை இருக்கின்றன. ஈரம் போனதைச் சொல்ல அப்படி ஒரு சொல் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதே அண்ணை காய் என்ற சொல்லை இவ்வளவு லேசாக விட்டுவிட்டதாகவும் குறைப்படுகிறார். நியாயம். காய்தல் அடிப்படையில் சூட்டுச் சொல். அதனால்தான் வெயில் காயும், பிள்ளைக்குக் காய்ச்சல் காயும், அடுப்பங்கரையில் இருந்து குளிர் காய்வோம். நிலாவும் காய்கிறது, அதில் சூடு எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள்.

பெப்ரவரி 14

மாட்டுக் கதையைச் சொல்லாமல் இது முடியாது. டிரை என்ற சொல்லிடம் நான் வாங்கிய முதல் அடி அது.

மீள்குடியேறி ஓரிரண்டு வருடம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் வீட்டுக்கு ஒரு பசு கொடுத்து, வளர்ப்புப் பயிற்சியும் வைத்தது. வந்தவர் ஆங்கிலத்தில் கதைக்க நான் தமிழில் சொல்ல வேண்டும். நாள் சம்பளம். தகரக் கொட்டகை, முப்பது பேர், எல்லாரும் என்னைவிட மாடு தெரிந்தவர்கள். அவர் "டிரை கௌ" என்று ஆரம்பித்தார். நான் யோசிக்கவே இல்லை, "காய்ந்த மாட்டை எப்படிப் பராமரிப்பது என்று இப்ப பார்ப்பம்" என்றேன்.

முன்வரிசையில் ஒரு அம்மா. கையில் மாட்டு அட்டை. எழும்பி நின்றா.

"பிள்ளை, என்ர மாடு காயேல்லை. நான் வடிவாத்தான் தீன் போடுறன். வைக்கலும் தவிடும் குறைவில்லாமல் போடுறன். ஆரோ பொய் சொல்லிக் குடுத்திருக்கினம்."

காய்ந்த மாடு கம்பில் விழுந்தது போல என்று ஒரு பழமொழியே இருக்கிறதே. காய்ந்த மாடு என்றால் பட்டினி கிடந்த மாடு. அந்த அம்மாவின் மாட்டைப் பட்டினி போட்டதாக முப்பது பேர் முன்னால் நான் குற்றம் சாட்டியிருக்கிறேன். பயிற்சிக்கு வந்தவரோ, ஏன் இந்தப் பெண்மணி கோபிக்கிறார் என்று என்னிடம் கேட்கிறார்.

சரி, "வறட்டு மாடு" என்று திருத்தினேன். அதற்கு இன்னொருவர், "வறட்டு மாடெண்டால் பிறகேன் பராமரிப்பான், வித்துப்போட்டு வேற வாங்கலாமே" என்றார். அதுவும் நியாயம். வறட்டு மாடு என்றால் இனிப் பிரயோசனம் இல்லை என்றுதான் காதில் விழும்.

ஆனால் அவர் சொன்ன டிரை கௌ அதற்கு எதிர்ப்பக்கம். கன்று போட இரண்டு மாதம் அளவு இருக்கும்போது பால் கறப்பதை நிறுத்தி, மடிக்கு ஓய்வு கொடுத்து வைத்திருக்கும் மாடு. அநேகமாகச் சினை மாடு. நன்றாகத் தீன் போட வேண்டிய மாடு. கடைசியில் "பால் வத்தப் பண்ணின கண்டுத்தாச்சி மாடு" என்று சொன்ன பிறகுதான் கொட்டகை அமைதியானது. அந்த அம்மா திரும்ப உட்காரும்போது, "அதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றா.

இரண்டு எழுத்துக்கு இத்தனை சொல் செலவு.

பெப்ரவரி 15

கழிவிரக்கத்தில் எழுதி முடித்த பிறகு ஒன்று பிடிபட்டது. அந்தக் கொட்டகையில் நான் செய்த பிழை, டிரை என்றால் என்ன என்று தேடியது. டிரைக்கு எதிரில் எது நிற்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். சட்டைக்கு எதிரில் நிற்பது ஈரம். மாட்டுக்கு எதிரில் நிற்பது பால் கறக்கிற மாடு. இருமலுக்கு எதிரில் சளி. பாண் வாட்டித் தரும்போது டிரை டோஸ்ட் என்றால் பட்டர் பூசாதது, அவ்வளவுதான். பாண் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் டிரை. வைனுக்கு எதிரில் நிற்பது இனிப்பு. ஒரு குவளை தண்ணீர்ச்சாமானை எப்படி டிரை என்கிறார்கள் என்று நான் பலகாலம் குழம்பியிருக்கிறேன். சீனி முழுவதும் புளித்து மதுவாகி, இனிப்பு மிஞ்சாவிட்டால் அது டிரை வைன். போயா தினத்தில், அதாவது பௌர்ணமியில், சாராயக் கடை பூட்டியிருந்தால் அது டிரை டே, வெளியே மழை கொட்டினாலும்.

அந்த இடத்தில் இருக்கும் என்று ஆள் எதிர்பார்க்கிற சாமான் இல்லை என்றால் டிரை. பெரும்பாலும் அது தண்ணீர். எப்போதும் தண்ணீர் இல்லை.

டிரை கிளீனிங்கும் இதற்குள் வரும்: திரவம் எதுவும் தொடாமல் துப்புரவாக்குவது.

பெப்ரவரி 15, சற்றுப் பிறகு

டிரை கிளீனிங் பற்றி எழுதியது பிழை. திரவம் தொடுகிறது, உடுப்பு நன்றாக நனைகிறது. தண்ணீருக்குப் பதிலாக வேறு கரைப்பான், அவ்வளவுதான். ஆக எதிரில் நிற்பது தண்ணீர், ஈரம் கூட இல்லை. என் கணக்கு இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. பிழை விட்டும் வென்றிருக்கிறேன்.

பெப்ரவரி 22

மூன்று நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. காலபோக (மழைக்காலப் போக) நெல் வெட்டு. எங்கள் இரண்டு ஏக்கரும் முடிந்து நெல் பரந்தன் முல்லைத்தீவு வீதிக் கரையில் கிடக்கிறது.

நெல் காயப்போடுவதைப் பார்க்காதவர்களுக்கு: தறப்பாளை விரித்து, நெல்லை நாலு விரல் தடிப்பில் பரவி, வெறுங்காலால் உழக்கிக்கொண்டே நடக்க வேண்டும். கால் போன பாதையெல்லாம் சால் விழும். அடியில் கிடந்தது மேலே வரும். வெட்டு மெசினிலிருந்து வந்த அன்று காலுக்குக் குளிர்ச்சியாக, கொஞ்சம் ஒட்டுகிற மாதிரி இருக்கும். இரண்டாம் நாள் பின்னேரம் சரசர என்று சத்தம் மாறும். அப்பா சத்தத்தை நம்பமாட்டார். ஒரு மணியை உரித்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார். நசிந்தால் இன்னும் ஒரு வெயில். டக் என்று முறிந்தால் "காஞ்சிட்டுது, அள்ளு."

நேற்று முறிந்தது. அள்ளினோம். வாங்க வந்தவர் ஈரம் பார்க்கும் மெசினை எடுத்தார். 17 காட்டியது. 14 வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு கிலோ கழிப்பு என்றார். அப்பா இன்னொரு மணியைக் கடித்துக் காட்டினார். அவர் மெசினைக் காட்டினார். பல்லுக்கும் மெசினுக்கும் அரை மணித்தியாலம் வழக்கு நடந்தது. மெசின் வென்றது.

எனக்கு எரிச்சலில் வந்த யோசனை: 14 வீதம் தண்ணீர் உள்ளே இருக்கும்போதே அதை டிரை என்கிறார்கள். ஈரம் என்ற சொல்லுக்கு ஒரு சொட்டுப் போதும். சட்டையில் ஒரு கைப்பிடி இடம் நனைந்தாலும் சட்டை ஈரம். டிரை என்றால் ஒரு சொட்டும் இருக்கக்கூடாது. நியாயமாகப் பார்த்தால் உலகத்தில் எந்த நெல்லும் டிரை இல்லை. அதனால்தான் வியாபாரம் அந்தச் சொல்லின் கழுத்தில் ஒரு எண்ணைக் கட்டிவிட்டது. 14 என்றால் களஞ்சியத்தில் பூசணம் பிடிக்காது, ஆலையில் அரிசி குறுணியாகாது. சொல்லுக்கு எல்லை தெரியாத இடத்தில் எண் வந்து வேலி போடுகிறது.

ஆனாலும் அது 17 இல்லை. அப்பாவின் பல் பொய் சொல்லாது.

பெப்ரவரி 23

இன்று இன்னொருவரின் மெசின் 15 காட்டியது. வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

மார்ச் 3

மாணவி திரும்ப வந்து கருவாட்டுக் கேள்வியை ஞாபகப்படுத்தியிருக்கிறா. கட்டுரையில் டிரை ஃபிஷ் என்று எழுத, சேர் சிவப்பால் வெட்டி டிரைட் ஃபிஷ் என்று திருத்தினாராம்.

சேர் பக்கம் இலக்கணம் இருக்கிறது. பிரித்தானிய ஆங்கிலத்தில் யாரோ வேலை மினக்கெட்டுக் காயவைத்தது டிரைட். தன்பாட்டில் ஈரமில்லாமல் இருப்பது டிரை. முந்திரிகை வற்றல் டிரைட். பொரித்து வைத்த மீன் சாறில்லாமல் சக்கைபோல இருந்தால் டிரை. அந்தக் கணக்கில் டிரை ஃபிஷ் என்றால், சமைத்தவருக்குச் சமைக்கத் தெரியாது என்று பொருள். இங்கே ஆங்கிலமும் தமிழைப்போலக் கதை கேட்கிறது பாருங்கள், யார் காயவைத்தது என்று.

முல்லைத்தீவுக் கரையில் நான் பார்த்த கருவாடு தன்பாட்டில் காய்ந்ததில்லை. குடலெடுத்து, கீறி, உப்புப் போட்டு அடுக்கி, அடுத்தநாள் கழுவி, வலை மேல் பரப்பி, காகத்துக்குக் கறுப்புப் பொலித்தீன் கட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு ஒரு சின்னம்மா நாள் முழுக்க வெயிலில் நின்றா. டிரைட் என்ற சொல்லின் கடைசி எழுத்துக்குள் அந்தச் சின்னம்மா நிற்கிறா. ஆகவே சேர் சொல்வது சரி.

மார்ச் 4

இல்லை, சேர் சொல்வது முழுக்கச் சரியில்லை. இலங்கையில் ஆங்கிலம் பேசுகிற அநேகம் பேர் டிரை ஃபிஷ் என்றுதான் சொல்கிறார்கள். கடைப் பலகையிலும் பெட்டியிலும் அதுதான். இத்தனை பேர் இத்தனை காலம் சொல்வது எங்கள் நாட்டு ஆங்கிலம். பரீட்சைத் தாளில் டிரைட் என்று எழுதுங்கள், சந்தையில் டிரை என்று கேளுங்கள். சின்னம்மாவைப் பற்றி நேற்று எழுதியதை அழிக்க மனமில்லை, இருக்கட்டும்.

எங்களுக்குத்தான் இந்தத் தொல்லையே இல்லை. கருவாடு என்று தனிச்சொல் இருக்கிறது.

மார்ச் 6

டிரை பற்றரி பற்றி யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் வன்னிக்குள் கொண்டுவரத் தடையிருந்த சாமான்களில் பற்றரியும் ஒன்று. இருந்த ஒன்றிரண்டையும் உயிர்போல வைத்திருந்தோம். ரேடியோவுக்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றுவோம். செய்தி முடியும்வரை சுற்றுகிற முறை எனக்கும் அண்ணாவுக்கும் மாறி மாறி. அவன் கோபத்தில் வேகமாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் உரக்கும். ரோர்ச்சுக்கு அந்த வித்தை சரிவராது. வெளிச்சம் மஞ்சளித்துப் போன பற்றரியை அம்மம்மா கூரை ஓட்டில் வெயிலில் வைப்பா. இரவு கொஞ்ச நேரம் எரியும்.

பள்ளிக்கூடத்தில் அதற்கு உலர் மின்கலம் என்று படித்தபோது எனக்கு ஒரே குழப்பம். உலர்ந்த சாமானை ஏன் மறுபடி காயவைக்கிறோம்? பிறகு ஒருநாள் செத்த பற்றரியை உடைத்துப் பார்த்தோம், நடுவில் இருக்கிற கரித்தடி சுவரில் கீற நல்லது. உள்ளே கறுப்பாகப் பசை, கையில் ஒட்டியது. நாகத் தகட்டுக்குள் அமோனியம் குளோரைட்டுக் களி. உலர் மின்கலம் உள்ளே ஈரம்தான். முற்றாகக் காய்ந்தால் மின்சாரமே வராது. இங்கே எதிரில் நிற்பது அமிலம் தளம்புகிற வாகனப் பற்றரி. கவிழ்த்தால் ஊற்றாது என்பதற்காக டிரை.

அம்மம்மாவிடம் இதைச் சொன்னபோது, "உனக்கு வெளிச்சம் வேணுமோ விளக்கம் வேணுமோ" என்று கேட்டா.

மார்ச் 19

அம்மம்மாவின் பேச்சு ஞாபகம் வந்ததும் டிரை ஹியூமர் பற்றி எழுதலாம் என்று இருந்தேன். அதற்கு முதல் டிரை ரேஷன்.

வன்னியில் உலர் உணவு என்ற சொல்லைத் தெரியாத ஆள் இல்லை. எனக்கு வாசிக்கப் பழகும்போதே தெரிந்த சொல். அட்டையில் எழுதியிருக்கும், வரிசையில் கூப்பிடுவார்கள். அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். எண்ணெய் எப்படி உலர் உணவு என்று சின்ன வயதில் கேட்டு, வரிசையில் வாய் காட்டாதே என்று குட்டு வாங்கினேன். 2009இல் முகாமில் விடை கிடைத்தது. அங்கே ஒரு வரிசை சமைத்த சாப்பாட்டுக்கு, மற்றது உலர் உணவுக்கு. எதிரில் நிற்பது சமைத்தது. அடுப்பில் ஏறாதது எல்லாம் உலர், எண்ணெய்ப் போத்தல் உட்பட. உலர் உணவு வரத் தொடங்கினால் சொந்தமாக அடுப்பு மூட்டலாம் என்று பொருள். அதனால் அந்தச் சொல் என் காதுக்கு இன்றைக்கும் வறட்சியாகக் கேட்பதில்லை.

இனி 2018 டிசம்பர்க் கதை. நத்தாருக்குச் சில நாள் முன்பு ஒரே இரவில் கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடு. இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்தார்கள், கனகராயன் ஆறு வருகிற வரத்துக்கு வேறு வழியில்லை. எங்கள் ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணீர். மறுநாள் உழவு இயந்திரத்தில் நிவாரணம் கொண்டுவந்த பெடியன், "ஐயா, உலர் உணவு" என்று பொதியை நீட்டினான். பக்கத்து வீட்டு ஐயா, வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீருக்குள் நின்றபடி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னார்:

"முதல்ல உலர் தரையா ஒரு துண்டு தா தம்பி. பிறகு இதை வைக்கலாம்."

பெடியன் மன்னிப்புக் கேட்டான். ஐயா தலையாட்டி ஏற்றுக்கொண்டார். உழவு இயந்திரம் திரும்பிப் போன பிறகுதான் ஒழுங்கை முழுக்கச் சிரித்தது, ஐயா அப்போதும் சிரிக்கவில்லை.

டிரை ஹியூமர் என்றால் அதுதான். அகராதியில் வறண்ட நகைச்சுவை என்று போட்டிருக்கிறார்கள். வறண்ட நகைச்சுவை என்றால் சிரிப்பு வராத நகைச்சுவை என்றுதான் தமிழ்க் காதுக்குக் கேட்கும். வறட்டுப் பேச்சு, வறட்டுக் கௌரவம், வறட்டுப் பிடிவாதம் என்று அந்தச் சொல் போன இடமெல்லாம் கெட்ட பெயர். வறுமையும் அதே வேரில் முளைத்தது. ஆங்கில டிரையில் இங்கே இல்லாமல் இருப்பது சிரிப்பு இல்லை, சொல்கிறவரின் முகத்தில் இருக்க வேண்டிய அடையாளம். எங்கள் ஊரில் அதற்கு அமசடக்குப் பகிடி என்று சொல்லலாம். அமசடக்கில் கொஞ்சம் கள்ளத்தனமும் ஒட்டியிருக்கிறது. ஐயாவுக்கு அதுவும் பொருந்தும்.

ஏப்ரல் 2

"உலர் வலயத்தில் எப்படி அண்ணை வெள்ளம் வந்தது?" என்று மாணவி கேட்கிறா. கேள்வியில் கொஞ்சம் அமசடக்கு இருக்கிறது, பழகிவிட்டா.

இங்கேயும் ஒரு எண் கட்டியிருக்கிறார்கள். ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்தால் உலர் வலயம், 2500க்கு மேலே பெய்தால் ஈர வலயம், இரண்டுக்கும் நடுவில் இடை வலயம். வன்னியில் ஆண்டுக்கு 1000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மழைக்குப் பேர்போன லண்டனில் 600 அளவுதான். குடையோடு திரிகிற அந்த ஊரை யாரும் டிரை என்று சொல்வதில்லை. அதைவிடக் கனக்க மழை வாங்குகிற எங்களைச் சொல்கிறார்கள்.

இதிலும் எதிரில் நிற்பதைப் பார்க்க வேண்டும். ஈர வலயத்திலுள்ள இரத்தினபுரிப் பக்கத்து மழையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொடுத்த பெயர் இது. அப்புறம், எங்களுக்கு வருகிற மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். லண்டனில் வருடம் முழுக்கத் தூறும், வெயிலும் சூடில்லை, விழுந்தது நிலத்தில் நிற்கும். இங்கே பங்குனிக்குப் பிறகு வெயில் நிலத்திலிருந்தும் குளத்திலிருந்தும் உறிஞ்சி எடுக்கிறது. இத்தனை குளம் கட்டி வைத்திருப்பதே இந்தக் கணக்கைச் சமாளிக்கத்தான்.

(படிவங்களில் வரட்சி என்று இடையின ர போட்டு எழுதாதீர்கள். வறட்சி. நிவாரணப் படிவத்திலேயே பிழையாக அச்சடித்துத் தந்தார்கள், நான் திருத்தி எழுதிக் கொடுத்தேன், நிவாரணம் வரவில்லை. காரணம் அதுவாக இருக்காது.)

ஏப்ரல் 3

இப்போதுதான் முதல் கேள்விக்குச் சரியான பதில் வருகிறது. இரண்டு மாதம் எடுத்திருக்கிறேன்.

ஏன் உலர்ந்த வலயம் என்று போடாமல் உலர் வலயம் என்று போட்டார்கள்? உலர் வலயம் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு மாதிரி. ஊறின காயா, ஊறுகிற காயா, ஊறப்போகிற காயா என்று சொல்லாது, மூன்றையும் உள்ளே ஒளித்து வைத்திருக்கும். தமிழ்ப் பாடத்தில் இதைப் பாடமாக்கி ஐந்து புள்ளி வாங்கியிருப்பீர்கள்.

பெப்ரவரி 10இல் நான் சொன்னேன், தமிழ்ச் சொல் முன்கதை இல்லாமல் வராது என்று. வினைத்தொகையில் அந்தக் கதை அவிழ்ந்துபோகிறது. காலம் காட்டும் துண்டை வெட்டிவிட்டால் உலர் என்ற அடி மட்டும் நிற்கிறது. டிரையைப்போல அதுவும் எப்போது, யாரால் என்று சொல்வதில்லை. உலர்ந்த வலயம் என்றால் ஒருகாலத்தில் சேறாக இருந்த நாடு இப்போது காய்ந்துபோயிற்று என்று வரும். வறண்ட வலயம் என்றால் பாலைவனம். டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர், ஓகஸ்டில் வெடித்த குளத்துத் தரை: இப்படி ஒரு நிலத்துக்குக் காலம் சொல்லாத பெயர்தான் சரி. உலர் உணவு, உலர் மின்கலம் இரண்டையும் அதே உளியால்தான் செதுக்கியிருக்கிறார்கள். யார் முதலில் இதைப் போட்டாரோ அவருக்கு ஒரு வெற்றிலை.

அந்த மாட்டுக் கொட்டகையில் எனக்கு இது தெரிந்திருந்தால் "உலர் பசு" என்று சொல்லியிருப்பேனா?

ஏப்ரல் 3, இரவு

சொல்லியிருக்கக்கூடாது. அந்த அம்மா மாட்டைச் சாப்பாட்டுப் பொதியில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பா. வினைத்தொகை புத்தகத்துக்கு நல்லது, கொட்டகைக்குப் பால் வத்தப் பண்ணின மாடுதான்.

ஜூலை 12

சோளகம் பேய்க்காற்றாக வீசுகிறது. உதடு வெடித்து, கதவைத் திறந்தால் புழுதி. கிணறு அடியைக் காட்டுகிறது. எழுதும் உற்சாகம் இல்லை.

கள்ளுப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார்: டிரை வைன் கணக்கில் பார்த்தால் புளித்த கள்ளை டிரை கள்ளு என்று சொல்லலாமா? அப்பாவிடம் கேட்டேன். "கள்ளு எப்ப காஞ்சது? குடிச்சவன்தான் காய்வான்" என்றார். அதற்கு மேல் ஆராயவில்லை.

செப்டெம்பர் 28

மாணவி எழுதியிருக்கிறா. ரியூசனில் சேரிடம் எதிரில் நிற்பதைப் பார்க்கிற கணக்கைச் சொல்ல, அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப டிரை சோயிங்குக்கு என்ன?" என்று திருப்பிக் கேட்டாராம். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லையாம். வன்னிப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போகலாமா? அது புழுதி விதைப்பு. மழைக்கு முதல், உழுத புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. எதிரில் நிற்பது சேற்று விதைப்பு. இதில் காய்ந்தும் இல்லை, வறண்டும் இல்லை, உலரும் இல்லை. நாங்கள் நிலத்தைப் பார்த்தோம், புழுதி தெரிந்தது, பெயர் வைத்துவிட்டோம். ஆங்கிலத்துக்குப் போட்டியாக நிற்கிற சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சேரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவரோடு கதைக்க வேண்டும்போல இருக்கிறது.

ஒக்டோபர் 9

எங்கள் விதைப்பு திங்கட்கிழமை முடிந்தது. இரண்டு ஏக்கரும் புழுதிதான். நாலு நாளாக அப்பா வடகிழக்கைப் பார்த்தபடி கட்டிலில் இருக்கிறார்.

பல விஷயம் எழுத வைத்திருந்தேன். டிரை ரன், டிரை ஐஸ், எதையோ தொட்டுக் கைவிட்ட டிரை டொக். இருட்டிக்கொண்டு வருகிறது, முதல் துளி தகரத்தில் விழுந்துவிட்டது. கொடியில் உடுப்புக் கிடக்கிறது, ஓடுகிறேன்.